இரண்டாம் பாகத்தின் டெமோவை எடைபோடுவது எப்படி

ஆக்‌ஷன் ஆர்பிஜி (கதாபாத்திரமாக மாறிச் சண்டையிட்டு ஆடும்) விளையாட்டு ஒன்றின் அடுத்த பாகத்துக்கு டெமோ, அதாவது இலவச முன்னோட்டப் பகுதி, வெளியானால், அன்றிரவே அதை முடித்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவது பெங்களூருவில் அறை பகிர்ந்து தங்கியிருக்கும் நம் நண்பர்களிடையே வழக்கமாகிவிட்டது. முழு விளையாட்டு பல ஆயிரம் ரூபாய் கேட்கும் காலத்தில், டெமோவைக் கொஞ்சம் நிதானமாகச் சோதிப்பது நல்லது. சண்டை கைக்கு இசைகிறதா என்பதை டெமோ உண்மையாகச் சொல்லும். விளையாட்டு எவ்வளவு விரிந்தது, எவ்வளவு கடினமானது என்பதை அது சொல்லாது, ஏனெனில் எந்தப் பகுதியைக் காட்டுவது என்பதை நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது. 2020இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி VII ரீமேக்’கின் தொடர்ச்சியான ‘ரீபெர்த்’தை உதாரணமாகக் கொண்டு இந்த முறையை விளக்குகிறேன். அதன் டெமோ 2024 பிப்ரவரி 6 அன்றும் முழு விளையாட்டு பிப்ரவரி 29 அன்றும் பிளேஸ்டேஷன் 5க்கு வெளியாயின.

பிஜி விடுதியின் வைஃபையை நம்பியிருப்பவர்கள், எல்லோரும் உறங்கிய பிறகு பதிவிறக்கத்தைத் தொடங்கிவிடலாம். அது முடிவதற்குள் முதல் பாகத்தை எடுத்து ஒரு சண்டையையாவது ஆடிவிடுங்கள். பழைய கட்டுப்பாடுகள் விரலில் இருந்தால்தான் புதிதாக எது மாறியிருக்கிறது என்பது தெரியும்.

டெமோ திறந்ததும் கதைக்குள் ஓடாமல், முதலில் காட்சி அமைப்பைச் சோதிக்கவும். ரீபெர்த்தில் நொடிக்கு 30 ஃப்ரேம் (படச் சட்டகம்) தரும் கிராஃபிக்ஸ் முறையும் 60 ஃப்ரேமை நோக்கி ஓடும் பெர்ஃபார்மன்ஸ் முறையும் இருந்தன. டெமோவின் கதை நடக்கும் நிபெல்ஹைம் ஊர் நடுவில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் இடத்துக்குச் சென்று, கேமராவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்: முதல் முறையில் விளிம்புகள் துல்லியமாக இருந்தாலும் அசைவு தடுமாறும், இரண்டாவதில் அசைவு வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் படம் மங்கலாக இருந்தது. இந்த மங்கலைப் பலரும் குறை கூறியதால் பிப்ரவரி 21 அன்று வந்த புதுப்பிப்பில் ஓரளவு சரிசெய்தார்கள். விளையாட்டு வெளியான பிறகும் மார்ச்சில் இன்னொரு திருத்தம் வந்தது. ஆகவே, காட்சித் தரத்தில் காணும் குறையைக் குறித்து வைத்துக்கொள்ளலாமே தவிர, அதை முடிவான காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை.

அதிக நேரம் செலவிட வேண்டியது சண்டையில்தான். சதுரப் பொத்தானால் அடிக்க அடிக்க ஏடிபி பட்டை (கட்டளைகளுக்கான சக்தியைக் காட்டும் கோடு) நிரம்புகிறது. அது நிரம்பியதும் கட்டளைப் பட்டியலைத் திறந்தால் காலம் ஏறக்குறைய உறைந்து நிற்க, மந்திரமோ சிறப்பு வெட்டோ தேர்ந்தெடுக்கலாம். இந்த அடிப்படை முதல் பாகத்திலிருந்து அப்படியே வருகிறது. புதியவற்றைத் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரு சண்டை முழுவதும் ஆர்1 பொத்தானை எதிரியின் அடி விழும் கணத்தில் மட்டும் அழுத்தி, சரியான நேரத்தில் தடுத்தால் கிடைக்கும் பலனைக் கவனிக்கலாம். அடுத்ததில் அதே பொத்தானைப் பிடித்தபடி, கதாநாயகன் கிளவுடும் அவரோடு வரும் செஃபிராத்தும் சேர்ந்து நிகழ்த்தும் சினர்ஜி (கூட்டு) அசைவுகளை மட்டும் முயலலாம். பறக்கும் எதிரி வந்தால் கட்டாயம் நிதானிக்கவும்: ரீமேக்கில் கிளவுடின் வாள் எட்டாமல் எரிச்சலூட்டிய இடம் அது, இங்கே அவர் காற்றில் எழும்பியே வெட்டுகிறார். என் கணிப்பில் இரண்டாம் பாகத்தின் உண்மையான முன்னேற்றம் இந்த ஒன்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. தோற்றாலும் கவலைப்படாமல், அடி வாங்கியது உங்கள் தாமதத்தாலா, கேமரா எதிரியை மறைத்ததாலா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அது முழு விளையாட்டிலும் தொடர வாய்ப்புண்டு.

கடினத்தைப் பற்றி மட்டும் டெமோவை நம்ப வேண்டாம். நிபெல்ஹைம் பகுதி கதையில் வரும் ஒரு பழைய நினைவு. அதில் பலம் மிகுந்த செஃபிராத் உங்கள் பக்கம் நிற்பதால் பெரும்பாலான எதிரிகள் சட்டென்று விழுந்துவிடுகிறார்கள். திறந்த உலகத்துக்கும் இதே எச்சரிக்கைதான். பிப்ரவரி 21 அன்று டெமோவில் சேர்க்கப்பட்ட ஜூனான் என்ற இரண்டாவது பகுதி பரந்த நிலத்தைக் காட்டியது என்றாலும், அது டெமோவுக்காக மாற்றியமைக்கப்பட்டது, அதில் செய்த எதுவும் முழு விளையாட்டுக்கு வராது. (நிபெல்ஹைமில் கிளவுடின் தோழி டிஃபா வீட்டுப் பியானோவில் நேரத்தைத் தொலைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.)

வாங்குவதென்று முடிவானால், டெமோவை நீக்கினாலும் சேமிப்புக் கோப்பை நீக்காதீர்கள். நிபெல்ஹைமை முடித்த சேமிப்பு இருந்தால் முழு விளையாட்டில் அந்த அத்தியாயத்தைத் தாண்டிச் செல்லலாம். பெங்களூரு நேஷனல் மார்க்கெட்டில் டிஸ்க் வாங்குபவர்கள் அது எந்த வட்டாரப் பதிப்பு என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் வட்டாரம் மாறினால் உங்கள் கணக்கில் வாங்கும் கூடுதல் உள்ளடக்கம் அதோடு சேராது, டெமோ சேமிப்பும் ஒட்டாமல் போகலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கினால், 14 நாட்களுக்குள், அதுவும் பதிவிறக்கத்தைத் தொடங்காதிருந்தால்தான் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். கணினியில் ஆடுபவர்களுக்கு ஸ்டீம் என்ற இணையக் கடையின் விதி சற்றே தாராளமானது: வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பி வரும் என்பதால், டெமோ வராத விளையாட்டுகளிலும் மேலே சொன்ன சோதனைகளை அந்த 2 மணி நேரத்துக்குள் செய்துவிடலாம்.