வீடியோ ஹெடர் பிட்டிங்: பேனர் செட்டப்பை அப்படியே காப்பி அடிக்காதீர்கள்

பேனருக்கு பிரீபிட் (விளம்பர இடத்துக்குப் பல வாங்குபவர்களிடம் ஒரே நேரத்தில் ஏலம் கேட்கும் ஹெடர் பிட்டிங் மென்பொருள்) ஏற்கெனவே ஓடுகிறது, அதிலேயே வீடியோவையும் சேர்த்துவிடலாம் என்று இறங்கினால் இடறுகிற இடம் கேஷ், அதாவது விளம்பரத்தைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் இடம்தான். பேனரில் வென்ற விளம்பரம் வலைப்பக்கத்திலேயே இருக்கும். வீடியோ பிளேயர் கேட்பதோ ஒரு யூஆர்எல். அதனால் வென்ற வாஸ்ட் எக்ஸ்எம்எல்லை (வீடியோ விளம்பரத்தை விவரிக்கும் கோப்பு) முதலில் பிரீபிட் கேஷ் சர்வரில் சேமித்து, அதற்குரிய யூயூஐடியைத்தான் (அடையாளக் குறியீடு) கூகுளின் விளம்பர சர்வரான கூகுள் ஆட் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். அங்கே லைன் ஐட்டத்தில் (எந்த விளம்பரம் எப்போது ஓட வேண்டும் என்ற பதிவு) ரீடைரக்ட் வகை வீடியோ கிரியேட்டிவ் போட்டு, அதன் யூஆர்எல்லில் யூயூஐடிக்கான மேக்ரோவை (பிறகு உண்மையான யூயூஐடியால் நிரப்பப்படும் குறி) வையுங்கள். கன்ஃபிகில் கேஷ் முகவரி இல்லாவிட்டால், இன்ஸ்ட்ரீமுக்கு (வீடியோவுக்கு முன்போ நடுவிலோ பின்போ ஓடும் விளம்பரம்) எக்ஸ்எம்எல் மட்டும் அனுப்பும் பிட்டர்களின் (ஏலம் கேட்பவர்கள்) பிட்களை பிரீபிட் தள்ளிவிடும். டீபக் மோடில் கன்சோலைப் பார்த்தால்தான் எரர் கண்ணில் படும். பலர் பிட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்!

அடுத்து, பிளேஸ்மென்ட் வகை, அதாவது வீடியோ எப்படிப்பட்ட இடத்தில் ஓடுகிறது என்று ஏலக் கோரிக்கையில் சொல்லும் எண். 2023-இல் விளம்பரத் துறையின் தர அமைப்பான ஐஏபி டெக் லேப் இதைத் திருத்தியது. ஒலியோடு தொடங்கும் வீடியோ, அல்லது பயனரே பார்க்க விரும்பித் திறந்தது, இவைதான் இன்ஸ்ட்ரீம், அதாவது 1. கட்டுரை நடுவே ஒலியின்றித் தானாக ஓடும் பிளேயருக்கு 2. கூடுதல் விலைக்கு ஆசைப்பட்டு 1 என்று போடாதீர்கள், வாங்குபவர்கள் சோதிக்கிறார்கள்.

பிட்கள் திரும்பி வந்த பிறகே வீடியோ யூஆர்எல்லை உருவாக்கிப் பிளேயருக்குக் கொடுங்கள். பக்கம் திறந்ததும் கொடுத்தால் ஏலம் முடியுமுன்பே விளம்பரக் கோரிக்கை போய்விடும்.