முன் சக்கரத்தில் சத்தமா? பாகத்தை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

காரின் முன்பக்கம் சத்தம் என்றதும் வீல் பேரிங்கை (சக்கரம் உரசாமல் சுழல உதவும் குண்டு வளையம்) மாற்றிவிடுவது பல பட்டறைகளில் வழக்கம். சத்தம் போகாவிட்டால் அடுத்து ஆக்சில் (சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு), அதற்கடுத்து டயர் என்று பில் நீளும். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். வேகம் ஏறும்போதா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா? இதற்குப் பதில் தெரிந்தபிறகு ஜாக்கியை எடுத்தால் போதும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அண்மையில் டயர் மாற்றியோ பஞ்சர் ஒட்டியோ இருந்து, அதற்குப்பின் "டொக் டொக்" என்று கேட்டால், மேற்கொண்டு ஓட்டிப் பார்க்காமல் உடனே ஓரங்கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள். எதிரெதிர் நட்டுகளாக, டார்க் ரென்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்க வேண்டும். பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களுக்கு 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

முதலில் ஓட்டிப் பாருங்கள்

ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் கண்ணாடியை இறக்கி, பாட்டையும் ஏசியையும் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். 50 கி.மீ. வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்கும் கல்லாகிவிடும். இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. உடனே அடங்கிவிட்டால் இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் தேடுங்கள்.

"டிக் டிக்" என்று சீராகக் கேட்டால் எண்ணிப் பாருங்கள். வழக்கமான கார் டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் அளவில் இருக்கும். 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் இரண்டு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சுற்றும். டிக்கும் அதே கணக்கில் வந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு: டயர் பட்டையில் சிக்கிய கல்லோ ஆணியோ, ஆடும் வீல் கப்போ இருக்கலாம். ஆணி என்றால் டயர் கடைக்குப் போகும்வரை பிடுங்காதீர்கள்.

"ஊம்ம்" என்ற இரைச்சல்: பேரிங்கா, டயரா?

அதிகம் ஏமாற்றுவது இதுதான். இரண்டும் 40 கி.மீ. வாக்கில் தொடங்கி வேகத்தோடு ஏறும். சாலையை மாற்றிப் பாருங்கள்: சொரசொரப்பான தாரிலிருந்து வழவழப்பான பரப்புக்கு வந்ததும் சத்தம் மாறினால் டயர். மாறாவிட்டால் பேரிங் மேல் சந்தேகம் கூடும். வண்டியை நிறுத்தி டயர் பட்டையின் மேல் உள்ளங்கையை இருபுறமும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் ரம்பப் பல் போலக் குத்தினால், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லாமல் டயர் தேய்ந்திருக்கிறது. உறுதிசெய்ய, முன் டயர்களை அதே பக்கத்துப் பின் சக்கரங்களோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் கூடவே பின்னால் போய்விட்டால் பேரிங்கைத் தொட வேண்டாம்.

பேரிங் எந்தப் பக்கம் என்பதற்கு, அகலமான காலிச் சாலையில் மெதுவாக இடமும் வலமுமாக வளைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் வளைத்தால் எடை வலது சக்கரத்தின் மேல் விழும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். காதை மட்டும் நம்பி பக்கத்தை முடிவுசெய்யக் கூடாது. தகடு வழியே சத்தம் பரவி எதிர்ப்பக்கத்தில் கேட்பது சகஜம்.

இனி ஜாக்கி. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, தூக்கியபின் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே தலையை விடக் கூடாது. நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றியபடி மறுகையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் அந்தக் கரகரப்பு ஸ்பிரிங்கில் அதிர்வாகத் தெரியும். இன்ஜினை ஓடவிட்டுச் சுற்றுவது தப்பு. ஒரு சக்கரம் தரையில் இருந்தால் தூக்கிய சக்கரம் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். தொங்கும் ஆக்சிலும் தன் பங்குக்குச் சத்தம் போட்டுக் குழப்பும்.

அடுத்து, சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டு). ஆட்டமே இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. இரைந்தாலும் துளியும் ஆடாத பேரிங்குகள் நிறைய.

மாற்றும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் இரும்புக் கூடு) அழுத்தும்போது வெளிவளையத்தை விட்டு உள்வளையத்தில் விசை கொடுத்தால் குண்டுகள் பள்ளம் போட்டுவிடும். புது பேரிங் சீக்கிரமே பாடத் தொடங்கும். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) காந்த வளையம் உள்ள பேரிங்கைத் திருப்பிப் போட்டால் அதன் எச்சரிக்கை விளக்கு எரியும், மறுபடி கழற்ற வேண்டியதுதான். ஆக்சில் நட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்காமல் வண்டியைத் தள்ளவும் கூடாது.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் "கடக் கடக்"

காரணம் வெளிப்புற சிவி ஜாயிண்ட், அதாவது ஆக்சிலின் சக்கரப்பக்க முனையில் வளைந்தபடியே சுழலும் மூட்டு. காலி மைதானத்தில் முழு ஒடிப்பில் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, இருபுறமும், முன்னும் பின்னும் வட்டமடித்தால் தெளிவாகக் கேட்கும். பிறகு ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) பாருங்கள். கிழிந்திருந்தால் ரிம்மின் உட்புறம் கிரீஸ் சிதறிக் கிடக்கும். சத்தம் வருமுன் கிழிசலைப் பார்த்துவிட்டால் ஜாயிண்டைக் கழுவி, மாலிப்டினம் கலந்த சிவி கிரீஸும் புது உறையும் போட்டுத் தப்பலாம். சத்தம் வந்தபின் கிரீஸ் அடைப்பது வீண். நேராகப் போகையில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வண்டி குலுங்கி, காலை எடுத்ததும் நின்றால் உட்புற ஜாயிண்ட்.

பிரேக் சத்தங்கள்

மழைக்குப் பிறகோ கழுவிய பிறகோ முதல் சில மிதிகளில் வரும் கரகரப்பு டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) துரு, தானே போய்விடும். ஓடும்போது மெல்லிய "கீச்", மிதித்தால் மாறுகிறது என்றால் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேய்ந்து எச்சரிக்கைத் தகடு உரசுகிறது. பேட்டின் தடிமன் 3 மி.மீ. வந்தாலே இரு பக்கமும் சேர்த்து மாற்றிவிடலாம். வெளிப் பேட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: பேட்டுகளை அழுத்தும் காலிப்பர் நகரும் பின் (ஊசி) இறுகியிருந்தால் உள் பேட் முன்னதாகத் தீர்ந்துவிடும். புதுப் பேட் போட்டதும் வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள்.

மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் காதைக் கிழிக்கும் உரசல் திடீரென்று வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் மாட்டியிருக்கலாம். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். மிதிக்கும்போது இரும்போடு இரும்பு அரைந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

பள்ளத்தில் "லொடலொட"

சின்னச் சின்னக் குலுங்கலில், மெதுவாகப் போகும்போது கேட்டால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு). இரண்டு லிங்க்குகளையும் தற்காலிகமாகக் கழற்றிக் கட்டிவைத்து, வளைவு இல்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் அதுதான். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் (ஸ்பிரிங்கின் மேல்முனையில் இருப்பது). பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸுக்கு மாறும்போதும் ஒரு "தொம்" என்றால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர்).

3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் சக்கரம் ஆடினால் டை ராடு எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை மூட்டு); மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். லிங்க் ராடு சில வாரம் பொறுக்கும். ஆடும் டை ராடும் பால் ஜாயிண்டும் பொறுக்காது: பந்து கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும். அவற்றில் ஆட்டம் தெரிந்தால் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகாமல், தூக்கும் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.