ராமேஸ்வரம் கரையில் ஒவெச்கின் ஷாட்: ஐஸ் இல்லாமல் ஒன் டைமர் பழகுவது எப்படி

2025 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராக, இரண்டாம் பகுதியின் 7:26 நிமிடத்தில், வாஷிங்டன் கேபிடல்ஸின் அலெக்சாண்டர் ஒவெச்கின் என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் தன் 895ஆவது கோலை அடித்தார். வேய்ன் கிரெட்ஸ்கி 1999இல் விட்டுச்சென்ற 894 என்ற கணக்கு அன்று முறிந்தது. கிரெட்ஸ்கி மொத்தம் ஆடியது 1,487 ஆட்டங்கள்; ஒவெச்கின் அந்தக் கணக்கை முறித்ததும் தன் 1,487ஆவது ஆட்டத்தில்தான். அன்றைய ஆட்டத்தில் கேபிடல்ஸ் 4-1 என்று தோற்றது என்பது வேறு கதை.

அந்தக் கோல் வந்தது பவர் ப்ளேயில். எதிரணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்க, வலப்பக்கத்திலிருந்து டாம் வில்சன் குறுக்கே பாஸ் கொடுக்க, இடது வட்டத்திலிருந்து (கோலுக்கு முன்னால் இருபுறமும் ஐஸில் வரைந்திருக்கும் வட்டங்களில் ஒன்று) அடி. அவருடைய கோல்களில் ஏராளமானவை இந்த ஒரே இடத்தைச் சுற்றி விழுந்தவை. அவர் அங்கே நிற்பார் என்று கோல்கீப்பருக்கும் தெரியும், கேலரியில் இருப்பவருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாததற்குக் காரணம், வரும் பாஸை நிறுத்தாமல் அப்படியே அடிக்கும் ஒன் டைமர்.

மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று நம் கரையோரத்தில் தரை ஹாக்கி ஆடும் பிள்ளைகளுக்கு இந்த ஷாட் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஹாக்கியில் இடக்கை ஸ்டிக் கிடையாது. எல்லோருமே இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்துத்தான் பிடிக்கிறோம். ஒவெச்கின் பிடிப்பதும் அப்படியே. கற்க வேண்டியது இரண்டு: கைகளை அகற்றிப் பிடிப்பது, பக்கை (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வில்லையை) அடிக்கும் முன் தரையை அடிப்பது. இரண்டாவதில்தான் எல்லோரும் திணறுவார்கள்.

இடமும் அளவும்

கடல் மணல் வேண்டாம். பக் நாலடி போய்க் குத்தி நின்றுவிடும். பள்ளி மைதானத்தின் இறுகிய செம்மண் தரை, கருவாடு காய வைக்கும் சிமெண்ட் களம், வண்டி நிறுத்தும் காலியிடம், எதுவானாலும் சரி. நாற்பதடிக்கு நாற்பதடி கிடைத்தால் போதும். கோலுக்குப் பின்னால் வழியோ வீடோ இருக்கக் கூடாது.

ஐஸ் ஹாக்கி கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். இடது வட்டத்தின் நடுப்புள்ளி, கோல் கோட்டிலிருந்து 20 அடி முன்னால், கோலின் நடுவிலிருந்து 22 அடி இடப்பக்கம். செங்கோணம் பிடித்து அளக்கத் தேவையில்லை. கோலைப் பார்த்து நிற்கும்போது இடது கம்பத்திலிருந்து 27 அடி 7 அங்குலம், வலது கம்பத்திலிருந்து 32 அடி. இரண்டு டேப்பும் சந்திக்கும் இடமே புள்ளி. நைலான் கயிற்றால் அளக்காதீர்கள். கம்பங்கள் ஆறடி இடைவெளியில் மட்டுமே இருப்பதால், கயிறு ஓர் அங்குலம் இழுபட்டாலும் புள்ளி அரை அடிக்கு மேல் நகர்ந்துவிடும். கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப் நல்லது.

புள்ளியில் நின்று கோலைப் பாருங்கள். ஆறடிக் கோல் சாய்வாகத் தெரிவதால் நாலடி அகலம்தான் கண்ணுக்குக் கிடைக்கும். வலக்கை ஆட்டக்காரருக்கு இங்கே ஓர் ஆதாயம் உண்டு: மார்பு மைதானத்தின் நடுவைப் பார்த்திருக்கும், ஸ்டிக்கும் நடுப்பக்கமே நீண்டிருக்கும். குறுக்கே வரும் பாஸ் உடம்பைக் கடக்காமல் நேராக ஸ்டிக்கின் அடித்தட்டான ப்ளேடுக்கு வரும். இடக்கைக்காரர் அதே புள்ளியில் நின்றால் பாஸ் அவர் காலைத் தாண்டிச் சுவர்ப்பக்கம் போக வேண்டும். அதற்குள் கோல்கீப்பர் நகர்ந்துவிடுவார்.

கோல், வலை

கம்பத்துக்குச் சவுக்குதான் சரி. பிவிசி குழாயில் பக் பட்டால் சில்லாக உடையும். ஜிஐ குழாயின் திருகு இணைப்புகளை உப்புக்காற்று ஒரே வருடத்தில் தின்றுவிடும். கம்பத்தைக் குழி தோண்டி நடலாம். சிமெண்ட் தரையென்றால் பழைய பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி அதில் நிறுத்துங்கள்.

வலைக்கு இந்தக் கரையில் பஞ்சமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வலையைப் பிரித்துச் சீர் செய்வார்கள். கழித்துப்போட்ட மடித்துண்டு (இழுவலையின் பைப்பகுதி) அப்போது கேட்டால் கிடைக்கும். பக்கின் குறுக்களவு மூன்று அங்குலம், கனம் ஓர் அங்குலம். அது நெட்டுக்குத்தாக வந்தாலும் நுழையாதபடி கண்ணி ஓர் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலை ஆகாது, இரண்டு முறை அடித்தாலே கிழிந்துவிடும். வலையை இறுக்கிக் கட்டினால் பக் அதே வேகத்தில் திரும்பி வரும். தொய்வாகத் தொங்கவிட்டு, அடியில் ஓரடி தரையில் மடிந்து கிடக்கும்படி விடுங்கள். கோலுக்கு மேலேயும் பக்கத்திலும் குறைந்தது நாலடி தள்ளிவரை வலை பரந்திருக்கட்டும். புதிதாகப் பழகுபவரின் பக் கோலுக்குள் போவதைவிட அதற்கு மேலே போவதே அதிகம்.

அடிக்கும் தளம்

எட்டுக்கு நாலு மெரைன் ப்ளைவுட் இரண்டு, 19 மி.மீ., மேலே வழவழப்பான சன்மைக்கா. சாதாரண ப்ளைவுட் வாங்கினால் ஒரு மழைக்காலத்தில் ஓரம் ஊதிப் பிரிந்துவிடும். மெரைன் ப்ளைவுட்டுக்கும் நாலு ஓரத்திலும் படகுக்கு அடிக்கும் பெயின்ட் இரண்டு கை பூசுங்கள். கடப்பாக் கல் வழுக்கும்தான், ஆனால் கார்பன் ஸ்டிக்கின் அடியைக் கல் சீக்கிரம் சிதைத்துவிடும்.

இரண்டையும் நீளவாக்கில் சேர்த்துப் பதினாறடி ஆக்கி, ஒரு முனை புள்ளியிலும் மறு முனை வலது வட்டத்தின் பக்கமும் இருக்கும்படி போடுங்கள். இணைப்பில் பாஸ் தடுக்கி எகிறுவதுதான் வழக்கமான தொல்லை. அடிப்பவர் பக்கத்துப் பலகை, பாஸ் கொடுப்பவர் பக்கத்துப் பலகையைவிட ஒரு மி.மீ. தாழ்வாக இருந்தால் பக் இறங்கிப் போகும், முட்டாது. கீழே தட்டையான ஈர மண் பரப்பி அதன்மேல் பலகையைப் படிய வைத்தால் இதைச் சரிபார்ப்பது எளிது.

நிற்பது பலகைக்கு வெளியே. மெழுகு தேய்த்த சன்மைக்காவில் கால் வைத்தால் இடுப்புதான் போகும். பலகையின் உயரத்துக்குச் சணல் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

காலையில் பலகை பிசுபிசுவென்று இருக்கும். இரவெல்லாம் படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருப்பதுதான் காரணம். நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்து விடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று யாராவது சொல்வார்கள். தடவினால் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் பத்து நிமிடத்தில் மணல் ஒட்டிப் பலகை உப்புத்தாள் ஆகிவிடும்.

பக்கும் ஸ்டிக்கும்

முறையான பக் கெட்டி ரப்பர்; எடை 156 முதல் 170 கிராம். என்.எச்.எல். ஆட்டங்களில் பக்கை உறைய வைத்துத்தான் களத்தில் இறக்குகிறார்கள். ரப்பர் சூடானால் துள்ளும், துள்ளும் பக்கை ஒன் டைமர் அடிக்க முடியாது. நம் வெயிலில் அது பந்தாகவே நடந்துகொள்ளும். மீனுக்கு அடிக்கும் ஐஸ் கொஞ்சம் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் கொட்டி, ஆறு பக்கைப் பாலிதீன் பையில் கட்டி அதற்குள் ஒரு மணி நேரம் வையுங்கள். மூன்று வெளியே, மூன்று உள்ளே என்று மாற்றி மாற்றி எடுத்தால் போதும். எடுத்ததும் ஈரத்தைத் துடைக்க மறக்க வேண்டாம்.

தரை ஹாக்கி ஸ்டிக்கால் இதை அடிக்காதீர்கள். அது வளையாது, வளையாத ஸ்டிக்கில் இந்த ஷாட்டே இல்லை. ஐஸ் ஹாக்கி ஸ்டிக்கில் ‘ஃப்ளெக்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும்: தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது அதன் பொருள். உங்கள் எடையைப் பவுண்டில் போட்டுப் பாதியாக்குங்கள். 60 கிலோ என்றால் 132 பவுண்டு, ஆகவே 65 பக்கமாக ஒன்று. பெரியவர்களுக்கானது என்று 85 வாங்கிவிட்டு வளையவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு. வாங்கும்போது ‘ரைட்’ என்று கேட்டு வாங்குங்கள். வெறும் ஷூவோடு நின்றால் ஸ்டிக் முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வர வேண்டும். நீளமாக இருந்தால் அறுக்கலாம், ஆனால் அறுக்க அறுக்க ஸ்டிக் விறைக்கும். அதையும் கணக்கில் வைத்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

ப்ளேடுக்குத் துணி டேப். குதியில் (தண்டோடு சேரும் முனையில்) தொடங்கி நுனி நோக்கி, ஒரு சுற்றின்மேல் அடுத்தது பாதி ஏறும்படி சுற்றி, மேலே மெழுகு தேய்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன் டேப்பின் பசை வெயிலில் இளகி வழியும்.

அடிக்கும் முறை

முதலில் பாஸ் இல்லாமல். பக்கைப் பலகையில் வைத்து, இடது தோள் கோலைப் பார்க்க, கால்கள் தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக, முழங்கால் மடிந்து நில்லுங்கள். பக், முன்காலின் குதிக்கு நேராக இருக்கட்டும். இடது கை ஸ்டிக்கின் மேல்நுனியில், வலது கை தண்டின் பாதி வரை இறங்கி. நம் ஹிட்டில் இரண்டு கையும் மேலே சேர்ந்திருக்கும். அந்தப் பழக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், வலது கை இருக்க வேண்டிய இடத்தில் தண்டில் ஒரு டேப் வளையம் போட்டு வைப்பது நல்லது.

ஸ்டிக்கை இடுப்பு உயரம் வரை மட்டும் தூக்குங்கள். இறக்கும்போது ப்ளேடு பக்குக்கு மூன்று நான்கு அங்குலம் பின்னால் பலகையில் பட வேண்டும். அந்த அடியில் தண்டு வில்லாக வளையும். பக்கைத் தொடும்போது நிமிரும். நிமிரும் விசைதான் வேகம். 2018 ஆல்-ஸ்டார் போட்டியில் ஒவெச்கின் மணிக்கு 101.3 மைல், அதாவது 163 கி.மீ. வேகத்தில் அடித்தது இந்த வளைவினால். நேராகப் பக்கில் அடித்தால் மணிக்கட்டு அதிரும், பக் ஊர்ந்து போகும். எங்கே படுகிறது என்று தெரியாவிட்டால் பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுங்கள்; பத்து முறை அடித்தபின் கோடு அழிந்திருக்கிறதா, அதற்கு முன்னாலோ பின்னாலோ தடம் விழுந்திருக்கிறதா என்று அதுவே காட்டிவிடும். எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறி, அடி முடியும்போது ப்ளேடின் நுனி நீங்கள் குறிவைத்த மூலையைச் சுட்ட வேண்டும்.

இருபதுக்குப் பத்தாவது கோலுக்குள் போகத் தொடங்கிய பிறகே பாஸ். பாஸ் கொடுப்பவர் தரை ஹாக்கி புஷ் போலவே, ஓசையில்லாமல், பலகையோடு ஒட்டித் தள்ள வேண்டும். பக் கிளம்பும்போதே ஸ்டிக் மேலே போயிருக்க வேண்டும். பக் வந்தபின் தூக்கினால் தாமதம். கண் பக்கில்தான். கோலை ஒரு முறை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அது எங்கும் நகராது. காற்றில் வீசி ஏமாறுபவர்களில் பெரும்பாலோர் கடைசி நொடியில் தலையை நிமிர்த்தியவர்களே.

பக் எப்போதும் மேலே பறந்தால் ப்ளேடு திறந்திருக்கிறது, அல்லது பக் முன்காலைத் தாண்டிப் போனபின் அடிக்கிறீர்கள். உருண்டு நெட்டுக்குத்தாக ஓடினால் குதியில் பட்டிருக்கிறது. எப்போதும் வலது கம்பத்துக்கு வெளியே போனால் அடி தாமதம். பாஸின் வேகத்தைக் குறைக்காமல் ஸ்டிக்கை இன்னும் கொஞ்சம் தாழ்வாகத் தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பாஸ் கொடுப்பவருக்குக் கிரில் வைத்த கிரிக்கெட் ஹெல்மெட்டும் காலுக்குப் பேடும் கட்டாயம். கோலில் ஆளை நிறுத்தவே கூடாது. பழைய தார்ப்பாயை நாலு மூலையிலும் ஓட்டை விட்டுத் தொங்கவிடுங்கள்.

கணக்கு

ஒரு நாளைக்கு அறுபது முறை அடித்தால் போதும், நல்ல உடம்புக்கே அதற்குமேல் முதுகு தாங்காது. அடித்தவை, கோல் சட்டத்துக்குள் போனவை, ஓட்டையில் நுழைந்தவை என்று மூன்று பத்தியாக நோட்டில் எழுதுங்கள். சதவீதம் குறைவாக வந்தால் கவலைப்படத் தேவையில்லை. கிரெட்ஸ்கி கோலை நோக்கி அடித்த நூறில் பதினேழுக்கு மேல் உள்ளே போயின. ஒவெச்கினுக்கு ஏறத்தாழ பதின்மூன்றுதான். 2008-09 பருவத்தில் அவர் 528 ஷாட் அடித்து 56 கோல் எடுத்தார். கிரெட்ஸ்கியின் 2,857 புள்ளிகள் (கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு) இன்னும் அப்படியே நிற்கின்றன, அதை யாரும் நெருங்குவதாகவும் தெரியவில்லை. கோல் கணக்கு மட்டும் விழுந்ததற்குக் காரணம் ஒவெச்கின் சலிக்காமல் அடித்த எண்ணிக்கை. 2024 நவம்பரில் இடது கால் எலும்பு முறிந்து 16 ஆட்டங்கள் போயும், அந்தப் பருவத்தில் 65 ஆட்டங்களில் 44 கோல். அப்போது வயது 39.

அவரைப் பார்த்துப் பழக வேண்டுமென்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை 5:30க்கு வரும். அங்கே கோடைநேரம் நடக்கும் அக்டோபரிலும் ஏப்ரலிலும் 4:30க்கு. பக்கைப் பார்க்காதீர்கள். பவர் ப்ளே தொடங்கியதும் இடது வட்டத்தை மட்டும் பார்த்து, பாஸ் கிளம்பும் முன் அவர் ஸ்டிக் எந்த உயரத்தில் இருக்கிறது, முன்கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று கவனியுங்கள். வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்துக்கொண்டால் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல், செங்கல்லின் மேல் படுக்கப்போட்டுத் தார்ப்பாயால் மூடுங்கள். சாய்த்தால் வளையும், வளைந்த பலகையில் பாஸ் ஒருநாளும் நேராக வராது.