செல்லாரொண்டா: நான்கு கணவாய்களை ஒரே நாளில் பனிச்சறுக்கில் சுற்றி வர

வட இத்தாலியின் டோலமைட் மலைகளில் செல்லா என்ற பெரிய பாறைத் திரள் நிற்கிறது. அதைச் சுற்றி கார்தேனா (2121 மீ), கம்போலோங்கோ (1875 மீ), போர்தோய் (2239 மீ), செல்லா (சுமார் 2240 மீ) என்று நான்கு கணவாய்கள். மலைக்கு மேலே கொண்டுபோகும் கம்பிவட லிஃப்டில் ஏறி, சறுக்கி இறங்கி, அடுத்த லிஃப்டில் ஏறி, நான்கையும் கடந்து, காலையில் கிளம்பிய கிராமத்துக்கே மாலையில் வந்து சேரலாம். இந்தச் சுற்றுக்குத்தான் செல்லாரொண்டா என்று பெயர். மொத்தம் 40 கிலோமீட்டர் அளவு. அதில் 26 கிலோமீட்டர் சறுக்கு, மீதி லிஃப்ட்.

தூரத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். இந்தச் சுற்றில் ஆளைத் திணறடிப்பது கடிகாரம்தான். லிஃப்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமே ஏறக்குறைய இரண்டு மணி. அதோடு வரிசையில் நிற்பது, சறுக்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஐந்திலிருந்து ஆறு மணி நேரம் ஓடிவிடும். நீங்கள் வேகமாகச் சறுக்கினாலும் லிஃப்ட் வேகமாகப் போகாது. ஆகவே திட்டத்தை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்: கடைசிக் கணவாயை 15:30-க்குள் தாண்டியிருக்க வேண்டும், காலையில் 10 மணிக்கு முன் கிளம்பியிருக்க வேண்டும். அங்கே பொதுவாகச் சொல்லப்படும் எல்லை இதுதான். முதல் முறை போகிறவர்கள் 10 மணி வரை காத்திருக்காமல், லிஃப்ட் திறக்கும்போதே, அதாவது 8:30 வாக்கில், வாசலில் நிற்பது நல்லது.

யாரால் முடியும்? சிவப்புக் குறியிட்ட சரிவுகளில் (நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு கடினம்) பயமில்லாமல், எந்த இடத்திலும் நிற்கத் தெரிந்து இறங்குகிறவர்களால் முடியும். கருப்புச் சரிவு எதுவும் கட்டாயமில்லை. நீலச் சரிவுகளில் மட்டும் பழகியவர்களை 'மெதுவாக வரலாம்' என்று கூட்டிப் போகாதீர்கள். மெதுவாக வருவதற்கான நேரம் இந்தச் சுற்றில் கிடையாது. மதியத்துக்கு மேல் கால் தளர்ந்தவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

முந்தைய நாள் முடிக்க வேண்டியவை

ஸ்கீ பாஸ் வாங்கும்போது 'டோலோமிட்டி சூப்பர்ஸ்கி' என்று கேட்டு வாங்குங்கள். 12 பகுதிகள், சுமார் 1200 கிலோமீட்டர் சரிவுகள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அட்டை செல்லும். ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் செல்லும் பாஸ் விலை குறைவு. ஆனால் அதோடு கிளம்பினால் அடுத்த பள்ளத்தாக்கின் முதல் லிஃப்டிலேயே கதவு திறக்காது. அட்டையை இடது பக்கப் பையில், தனியாக வையுங்கள். வாசலில் அட்டையைப் படிக்கும் கருவி இடப்புறம் இருக்கும்; அட்டையோடு செல்போனும் சில்லறையும் கிடந்தால் அது படிக்காது, உங்களுக்குப் பின்னால் வரிசை தேங்கும்.

இத்தாலியில் 2022 முதல் சறுக்குச் சரிவுகளில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இல்லாதவர்கள் பாஸோடு சேர்த்து அங்கேயே வாங்கலாம். ஹெல்மெட்டும் இப்போது எல்லா வயதினருக்கும் கட்டாயம்.

15 முதல் 20 லிட்டர் முதுகுப்பை ஒன்று போதும். ஒரு லிட்டர் தண்ணீர், கைக்கு அடங்கும் தின்பண்டம், ஒரு ஜோடி உலர்ந்த கையுறை, மெல்லிய மேலாடை ஒன்று, பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ, டாக்சிக்கு ஆகும் பணம். சேர் லிஃப்டில் உட்காரும் முன் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். முதுகிலேயே இருந்தால் பட்டை இருக்கையில் சிக்கி, இறங்கும் இடத்தில் உங்களை இழுத்துவிடும். வெயில் கிரீம் கருத்த தோலுக்கும் வேண்டும். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதனால் மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துளையைச் சுற்றியும்கூடத் தடவுங்கள். உதட்டை மறக்க வேண்டாம்.

வாடகை பூட்ஸ் என்றால் சுற்றுக்கு ஒரு நாள் முன்பாவது அதில் சறுக்கிப் பாருங்கள். கணுக்காலில் லேசாக உறுத்தும் பூட்ஸ் இரண்டு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். அதற்குள் நீங்கள் வேறொரு பள்ளத்தாக்கில் இருப்பீர்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

இரண்டு திசைக்கும் தனித்தனி நிறத்தில் பலகைகள் உண்டு. ஆரஞ்சு என்றால் கடிகாரச் சுற்று, பச்சை என்றால் எதிர்ச்சுற்று. பெரிய வேறுபாடு அரப்பா என்ற ஊர்ப் பக்கம் வருகிறது. ஆரஞ்சில் அரப்பாவிலிருந்து 2478 மீட்டர் உயரத்திலுள்ள போர்த்தா வெஸ்கொவோவுக்கு ஏறி, அங்கிருந்து சிவப்புச் சரிவில் இறங்க வேண்டும். காட்சி அபாரம்: எதிரே மர்மொலாதா மலையின் பனி முகடு முழுதாகத் தெரியும். ஆனால் காற்று பலமாக அடித்தால் முதலில் நிறுத்தப்படும் லிஃப்டுகளில் இதுவும் ஒன்று. பச்சையில் போர்தோயிலிருந்து அரப்பாவுக்கு நிதானமான இறக்கம். அந்த உச்சிக்குப் போகத் தேவையே இல்லை. குழுவில் ஒருவராவது தயங்குகிறவர் என்றால் பச்சையில் போங்கள். எல்லோரும் நன்றாகச் சறுக்குவார்கள், காற்றும் இல்லை என்றால் எங்கள் ஓட்டு ஆரஞ்சுக்கு.

செல்வா என்ற கிராமத்திலிருந்து ஆரஞ்சுச் சுற்றுக்கு ஒரு நேரக் கணக்கு

8:30-க்கு தான்தெர்செபீஸ் கொண்டோலா (மூடிய பெட்டிகள் கொண்ட லிஃப்ட்). மேலே போனதும் படம் எடுக்க நிற்காமல் கொல்ஃபோஸ்கோவுக்கு இறங்குங்கள். காலைக் கூட்டம் உங்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கும். கொல்ஃபோஸ்கோவிலிருந்து போரெஸ்ட் லிஃப்ட் ஏறக்குறைய சமதளமாகவே கோர்வாராவில் கொண்டுபோய் விடும். 10 மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

கோர்வாராவில் ஏற வேண்டியது போவே கொண்டோலாவில். அதே ஊரில் கோல் ஆல்த்தோ பக்கம் ஏறும் லிஃப்டும் உண்டு. முன்னால் போகிறவர்களைப் பார்த்து அதில் ஏறிவிட்டால் அல்தா பாதியாவின் அகன்ற நீலச் சரிவுகளில் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். மனிதர்களைப் பின்தொடராமல் ஆரஞ்சு அம்பை மட்டும் பாருங்கள். போவேயிலிருந்து கம்போலோங்கோ வழியாக அரப்பா. 11:30-க்கு அரப்பாவில் இருந்தால் நாள் உங்கள் கையில்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். செல்வா வடமேற்கில், அரப்பா தென்கிழக்கில். சுற்றின் நேர் எதிர்முனை. இதைத் தாண்டிவிட்டால் முன்னால் போவதே வீட்டுக்குப் பக்கம். ஆகவே அரப்பாவுக்கு இறங்கும் முன்பே மணி 12:30-ஐத் தாண்டியிருந்தால், பச்சை அம்பைப் பிடித்து வந்த வழியே திரும்புங்கள். திரும்பும் வழி தெரிந்த வழி, கணவாயும் குறைவு. மதியத்தில் போர்த்தா வெஸ்கொவோ அடிவாரத்தில் வரிசை நீளும். 12:30-க்கு மேல் அதில் போய் நின்றால் மிச்சக் கணக்கெல்லாம் சரியும்.

சாப்பாட்டைப் பாதிச் சுற்று முடியும் வரை தள்ளிப்போடுங்கள். போர்தோய், பெல்வெதெரே பக்கம் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் 45 நிமிடம் தாராளமாகக் கிடைக்கும். மலைக் குடில்களில் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பார்லி சூப்பில் பெரும்பாலும் புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். கீரை வைத்த கனெதெர்லி என்ற ரொட்டி உருண்டைகளோ, கீரையும் பாலாடைக்கட்டியும் அடைத்த பாஸ்தாவோ கேளுங்கள், 'ஸ்பெக் (அந்தப் பன்றி இறைச்சி) இல்லாமல்' என்று சேர்த்தே சொல்லுங்கள். இத்தாலியில் சறுக்குகிறவர்களுக்கும் மது வரம்பு உண்டு. அதைவிட, பாதி நாள் மிச்சமிருக்கிறது.

பெல்வெதெரேயிலிருந்து இன்னொரு குழப்பம். கனாட்சேய் ஊர் பக்கம் இறங்கும் சரிவுகள் உங்களை இழுக்கும். நீங்கள் போக வேண்டியது லூபோ பியான்கோ என்ற இடத்துக்கு, அங்கிருந்து லிஃப்டில் செல்லா கணவாய்க்கு. இந்த இறக்கத்தில் மதியத்துக்கு மேல் பனி வழித்தெடுக்கப்பட்டு, நடுவில் கடினத் தளமும் ஓரங்களில் குவியலுமாகக் கிடக்கும். ஓரக் குவியலில் சின்னச் சின்னத் திருப்பங்களாக இறங்கினால் கால் நிற்கும். மூன்று மணிக்குச் செல்லா கணவாய். சசோலுங்கோ மலையின் அடியில் பாறைகளுக்கு நடுவே சறுக்கி பிளான் தெ கிரால்பா, பிறகு செல்வா. நாலு மணிக்கு பூட்ஸைக் கழற்றலாம்.

மார்ச்சில் போகிறவர்கள் கணக்கை அரை மணி முன்தள்ளுங்கள். தெற்கு பார்த்த சரிவுகள் மதியத்திலேயே கஞ்சியாகிவிடும், முழங்காலுக்கு வேலை இரட்டிப்பாகும். ஜனவரி நடுப்பகுதியில் கூட்டம் குறைவு, குளிர் அதிகம். கிறிஸ்துமஸ் வாரத்தையும் பிப்ரவரித் திருவிழா விடுமுறையையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

மர்மொலாதா உச்சியின் கேபிள் கார் 3265 மீட்டர் வரை போகும். அரப்பாவிலிருந்து மால்கா சாப்பெலா வழியாக அதையும் இதே நாளில் சேர்த்துவிட ஆசை வரும். சேர்க்காதீர்கள். அதற்கு இன்னொரு நாள் கொடுங்கள்.

காற்று நாளில் காலையில் கிளம்பும் முன் ஒரு முறை, கோர்வாராவில் ஒரு முறை, டோலோமிட்டி சூப்பர்ஸ்கி செயலியில் லிஃப்ட் நிலவரம் பாருங்கள். நான்கில் எந்தக் கணவாயின் லிஃப்ட் நின்றாலும் சுற்று அறுந்துவிடும். யாராவது அடிபட்டால் எண் 112. பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் சரிவின் எண்ணைச் சொன்னால் மீட்புக் குழு நேராக வரும். வேறு பள்ளத்தாக்கில் மாலை மாட்டிக்கொண்டால், லிஃப்ட் ஊழியரிடமே டாக்சி கேளுங்கள். கனாட்சேயிலிருந்து செல்வாவுக்குச் செல்லா கணவாய்ச் சாலை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பனியால் அது மூடியிருந்தால் பொல்சானோவைச் சுற்றித்தான் போக வேண்டும். கட்டணத்தை ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.