மகளுக்கு ஜீவனாம்சம் பெற்ற கதை: என் அனுபவம்

விவாகரத்து முடிந்தால்தான் மகளுக்கு ஜீவனாம்சம் கேட்க முடியும் என்று நம்பி, பிரிந்து வந்த பின் ஓராண்டை வீணாக்கினேன். சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞர்தான், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்படி உடனே மனு செய்யலாம் என்று விளக்கினார். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் கணவர் தமக்கு வருமானமே இல்லை என்றார். ஆனால் 2020இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிய சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தில் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டியிருந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. நானும் பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு முதல் வேன் வாடகையைக் குறித்துவைத்த பால் கணக்கு நோட்டு வரை இணைத்தேன். (அந்த நோட்டைத்தான் நீதிபதி நெடுநேரம் புரட்டினார்.) தொகை, மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட்டது. பாக்கி விழுந்தால் ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும் என்பதால், மாதந்தோறும் பாஸ்புக்கில் வரவைப் பதிந்து வாங்கிவிடுகிறேன்.