ருசி குறையாமல் எண்ணெயையும் உப்பையும் குறைப்பது எப்படி? ஒரு மதியச் சாப்பாட்டின் செய்முறை

வீட்டுச் சமையலை ஆரோக்கியமாக மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, மூன்றாம் நாள் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். நானும் ஒரு திங்கட்கிழமை அரிசியை அடியோடு நிறுத்திவிட்டுச் சாமைச் சோறு சமைத்தேன். மாமனார் குறை ஒன்றும் சொல்லாமல் இரண்டு வாய் சாப்பிட்டார், ஒரு தம்ளர் மோரைக் குடித்துவிட்டு எழுந்துபோனார். சமைக்கும் பதார்த்தத்தை விட்டுவிட்டு, சமைக்கும் முறையில் கை வைக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான்கு பேருக்கான சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல் ஆகிய சாதாரண மதியச் சாப்பாட்டைக் கொண்டே அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: எண்ணெயை அளந்து பாருங்கள்

எண்ணெய்ப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மீது தேதியை எழுதிவையுங்கள். மாதம் நான்கு லிட்டர் செலவாகும் வீட்டில், நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல் வருகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 40 கலோரி இருக்கிறது. கண்ணளவில் ஊற்றும்போது இது தெரிவதில்லை. நான் தாளிக்கும் இரும்புக் குழிக்கரண்டியை ஒருநாள் அளந்து பார்த்தபோது, "கொஞ்சமாக" என்று நான் நினைத்திருந்தது நான்கு தேக்கரண்டியாக இருந்தது. எனவே எண்ணெய்த் தூக்கிலேயே ஒரு தேக்கரண்டியைப் போட்டுவையுங்கள்.

படி 2: பொரியலில் தொடங்குங்கள்

எண்ணெயைக் குறைத்தாலும் வித்தியாசம் தெரியாத பதார்த்தம் பொரியல்தான் என்பதால், பழகுவதற்கு இதுவே ஏற்றது. 400 கிராம் பீன்ஸைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்தபின் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, வாணலியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். எண்ணெய் ஓரிடத்தில் குளம்போல் சேரும். கடுகு அந்தக் குளத்தில் மூழ்கினால்தான் முழுமையாக வெடிக்கும், பரந்த எண்ணெயில் பாதி கடுகு கருகி, பாதி பச்சையாக நின்றுவிடும். கடுகு வெடித்து அடங்கியதும் உளுத்தம்பருப்பைப் பொன்னிறமாக வறுத்து, கிள்ளிய மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேருங்கள். இவற்றின் வாசனை எண்ணெயில்தான் இறங்கும் என்பதால் எண்ணெயை முற்றிலும் நீக்கிவிடக் கூடாது. தாளிப்புக்கு அவ்வளவுதான் தேவை, காய் வேகுவதற்கு எண்ணெய் தேவையில்லை.

காயைப் போட்டு, மஞ்சள்தூள் சேர்த்து, இரண்டு கை தண்ணீர் தெளித்து மூடி, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வேகவிடுங்கள். உப்பைக் காய் வெந்தபின், ஈரம் வற்றும் நேரத்தில் போடுங்கள். அப்போது உப்பு காயின் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே தங்கி, நாக்கில் முதலில் படுவதால், வழக்கமான அளவில் முக்கால் பங்கே போதுமானதாக இருக்கும். தேங்காய்த் துருவலையும் அடுப்பை அணைத்த பிறகே தூவுங்கள்; இரண்டு மேசைக்கரண்டி போதும்.

உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் இந்த முறைக்கு அடங்காது. அதற்குக் கிழங்கை முக்கால் பதம் வேகவைத்து, ஒரு தேக்கரண்டி அரிசி மாவில் பிரட்டி, அகலமான தோசைக்கல்லில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, கிளறாமல் திருப்பிப்போட்டால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே மொறுமொறுப்பு வந்துவிடும்.

படி 3: சாம்பாரில் காயைக் கூட்டி உப்பைக் குறையுங்கள்

நான்கு முருங்கைத் துண்டுகள் மிதப்பதைச் சாம்பார் என்று சொல்லிக்கொள்வது நம் பழக்கம். 150 கிராம் துவரம்பருப்புக்குப் பூசணி, கத்தரி, முருங்கை எல்லாம் சேர்த்து அரைக் கிலோ காய் போடுங்கள். பருப்பிலிருந்து மட்டும் ஆளுக்கு எட்டு கிராம் அளவில் புரதம் கிடைக்கும்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டி அளவுதான். முதலில் கால் பங்கை மட்டும் குறைத்து, இரண்டு வாரம் நாக்கு பழகியபின் மேலும் குறையுங்கள். அந்த இடைவெளியை நிரப்ப, பொடிக்குப் பதிலாகத் தனியா, கடலைப்பருப்பு, மிளகாய், சிறிது வெந்தயம் ஆகியவற்றை அன்றே வறுத்து அரைத்துச் சேருங்கள். இறக்கியபின் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் உப்பு குறைந்தது தெரியாது. தாளிப்பை இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் செய்து, கடைசியில் கொட்டியவுடன் மூடி, ஐந்து நிமிடம் திறக்காதீர்கள். மூடியைத் திறந்தே வைத்தால் வாசனை சமையலறையில் இருக்கும், சாம்பாரில் இருக்காது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும், சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதை மருத்துவரிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. அதில் பொட்டாசியம் இருக்கும்.

படி 4: சோறு

பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி நல்லது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதோடு கால் பங்கு கைக்குத்தல் அரிசியைக் கலக்கலாம், ஆனால் அதைத் தனியாக ஆறு மணி நேரம் ஊறவைத்து, பதினைந்து நிமிடம் முன்னதாகவே கொதிக்கவிட வேண்டும். சேர்த்து ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், மற்றொன்று பல்லில் படும். கைக்குத்தலும் அரிசிதான் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். தட்டில் பாதியைக் காயால் நிரப்பிவிட்டுப் பிறகு சோறு போடுவது எளிய வழி.

படி 5: ஊறுகாயும் அப்பளமும்

அப்பளத்தைச் சுட்டால் எண்ணெய்தான் மிச்சமாகும். அதன் மாவில் கலந்த உப்பும் அப்பளக்காரமும் அப்படியே இருக்கும். எனவே அப்பளம் உள்ள நாளில் ஊறுகாயை எடுக்காதீர்கள்.

இவற்றை வாரத்துக்கு ஒன்றாகச் செய்யுங்கள், வீட்டில் அறிவிக்க வேண்டாம். சாமையை நான் மூன்று மாதம் கழித்து வெண்பொங்கலாகக் கொண்டுவந்தேன்: முக்கால் தம்ளர் சாமை, கால் தம்ளர் பாசிப்பருப்பு, நான்கு தம்ளர் தண்ணீர், குக்கரில் மூன்று விசில், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், துருவிய இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி நெய். மாமனார் மறுபடியும் தட்டை நீட்டிய பிறகுதான் அது சாமை என்று சொன்னேன்.