காடழிப்பில்லாக் காபி: ஏற்றுமதிக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம் ஏழு பொருள்களைப் பிடிக்கிறது: மாடு, கோகோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம். நம் பக்கத்தில் இதன் சூடு முதலில் படப்போவது காபிக்குத்தான். இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதை அதிகம் வாங்குகிற நாடுகளில் இத்தாலியும் ஜெர்மனியும் முன்னால் நிற்கின்றன. ஏற்காட்டிலோ கூடலூரிலோ இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் கொட்டையும் அந்தக் கப்பலில் ஏறலாம்.

"சட்டம் அமலாகும் நாள் இன்னும் தள்ளிப்போகும்" என்று காத்திருப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. இரண்டு முறை தள்ளிப்போனது உண்மை. இப்போதைய நிலவரப்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதலும் சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30 முதலும் அது அமலாகும். ஆனால் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடாக இருந்த இடத்தை அழித்து விளைவித்த பொருள் கூடாது என்ற எல்லைத் தேதி ஒரு நாள்கூட நகரவில்லை. 2026 நவம்பரில் பறிக்கத் தொடங்கும் அராபிகா வகைக் காபி, விதி அமலுக்கு வந்த பிறகுதான் ஐரோப்பியத் துறைமுகத்தை அடையும்.

"இந்தியா காடழிப்பு ஆபத்து குறைந்த நாடு, நமக்குக் கவலையில்லை" என்ற பேச்சும் அரைகுறைதான். ஐரோப்பிய ஆணையத்தின் 2025 மே மாதப் பட்டியலில் இந்தியா அப்படித்தான் இருக்கிறது. அதனால் வாங்கும் நிறுவனத்துக்கு ஆபத்து மதிப்பீட்டு வேலை மிச்சம், சோதனையும் குறைவு. தோட்டம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை மட்டும் யாரும் விட்டுத்தர மாட்டார்கள்.

அந்த விவரத்தில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். நான்கு ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்கு மேல் போனால் தோட்டத்தின் எல்லை முழுவதையும் வரைய வேண்டும். அதற்குள் என்றால் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒரு புள்ளி போதும். ஆனால் அந்தப் புள்ளி தோட்டத்துக்குள் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். விவசாயியின் வீட்டு வாசலிலோ வியாபாரியின் கிடங்கிலோ எடுத்தது செல்லாது. தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் வேண்டும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் ஏற்காட்டுத் தோட்டம் ஸ்வால்பார்ட் தீவுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் போய் விழும். அனுப்பும் முன் ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நிழல் மரங்கள். நம் காபி பலா, சில்வர் ஓக், காட்டு மரங்கள் என்று பல உயரங்களில் நிற்கும் நிழலுக்குக் கீழே வளர்கிறது. மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தில் இதற்கும் காட்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஐரோப்பிய ஆணையத்தின் 2020 காட்டு வரைபடத்திலும் பல தோட்டங்கள் காடாகத் தெரியக்கூடும். அதைப் பார்த்துப் பயந்து மரத்தை வெட்டுவது மிக மோசமான தவறு; மண்ணும் போகும், ஊற்றும் போகும், சந்தேகமும் கூடும். அந்த வரைபடம் உதவிக்குத்தான், தீர்ப்பு அல்ல. விவசாயம் நடக்கும் நிலத்தைச் சட்டம் காடாகக் கணக்கிடுவதில்லை. 2020 டிசம்பர் 31க்கு முன்பே அங்கே காபி இருந்தது என்பதைக் காட்டப் பழைய விற்பனை ரசீது, காபி வாரியப் பதிவு, அடங்கல், தேதியுள்ள படங்கள் ஆகியவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு காட்டுக்குள் புதிதாக நட்டவர்களுக்கு இந்த வாதம் உதவாது.

தோட்டக் கணக்கு சரியாக இருந்தும் காபியைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங் ஒர்க்ஸில் எல்லாம் வீணாகலாம். விவரம் உள்ள காபியோடு ஊர் பேர் தெரியாத மூட்டை ஒன்று கலந்தால் மொத்த லாட்டும் கேள்விக்குள்ளாகிவிடும். வாங்கும் இடத்திலேயே பிரித்து வைக்க வேண்டும். தரச்சான்று கையில் இருந்தாலும் இந்த வேலை குறையாது. சான்றிதழ் துணை ஆவணம் மட்டுமே.

விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இதைக் காரணம் காட்டிப் பட்டா இல்லாதவர்களை ஏற்றுமதியாளர்கள் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய கவலை. கூடலூரில் ஜென்மம் எனப்படும் பழைய ஜமீன் வகை நிலங்களின் உரிமைப் பிரச்சினை, அந்த முறையை ஒழிக்க வந்த 1969 சட்டத்திலிருந்து இழுபடுகிறது. அதற்கு அங்குள்ள விவசாயி என்ன செய்வார்? பழங்குடியினருக்கு 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த ஆவணமும் உரிமை ஆவணம்தான், அதைக் கேட்டு வாங்குங்கள். சிக்கல் இருக்கும் இடத்தில் ஒதுக்குவதற்கு முன் காபி வாரிய அலுவலகத்தில் பேசிப் பாருங்கள்; பதிவுக்கென்று வாரியம் செயலியும் வைத்திருக்கிறது.

அளந்து முடித்ததும் விவரத்தின் நகலை விவசாயியிடம் கொடுங்கள். அது வியாபாரியின் கணினியில் மட்டும் இருந்தால், அடுத்த பருவத்தில் நல்ல விலை சொல்லும் வேறொருவருக்கு அவரால் விற்க முடியாது.